கணப்புக்குள் ஒரு பிள்ளையார்

மழை இறங்கினால் என் மேசைமேல் இருக்கும் சுண்ணாம்புக் கட்டி மணக்கத் தொடங்கிவிடுகிறது. ஈரம் பட்ட கரியின் மணம். பதுளையில் நான் குடியிருக்கும் அறை சிறியது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அது போவதில்லை. நேற்று இரசாயன வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி மூக்கைச் சுளித்து, "சேர், எங்கயோ கருகுது" என்றாள். ஒன்றும் கருகவில்லை என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

கட்டி உள்ளங்கை அகலம்தான். மேலே படிந்த கரியைத் துணியால் துடைத்தால் அடியில் நாலு விரல் இழுத்த தடம் தெரியும். மோதிர விரலின் தடம் மட்டும் மற்றவற்றைவிட ஓர் அங்குலம் பின்னால் தொடங்குகிறது. கல் உடைக்கும்போது நுனி போன விரல். ஆகவே இது உங்கள் கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்களைப் பற்றி நான் எழுதிய முதல் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை நீங்கள் வாசித்திருக்க முடியாது. இது இரண்டாவது. இதையும் நீங்கள் வாசிக்கப்போவதில்லை. அந்த வசதி எனக்கு இரண்டு முறையும் வாய்த்திருக்கிறது.

உங்கள் மேல் எனக்கிருந்த கோபங்கள் எல்லாவற்றையும் இப்போது கைவிட்டதாகப் பாசாங்கு செய்ய மாட்டேன். நான் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது நீங்கள் அக்காவைக் கட்டினீர்கள். விடுமுறைக்கு வந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் கதவைத் திறந்தால் அம்மா மட்டும் இருக்கிறாள். "பரீட்ச நேரம், ஒனக்குச் சொல்ல வேணாம்னு மாப்பிள்ளதான் சொன்னாரு" என்றாள். என் நன்மைக்காக என்னிடம் மறைத்ததாக எல்லோரும் நினைத்தார்கள். ஒரே தம்பி இல்லாமல் ஒரு கல்யாணம். அன்றைக்கு முடிவெடுத்து, மச்சான் என்று கூப்பிட வேண்டிய உங்களை, தோட்டத்து ஆபீஸில் இருப்பவர்கள் கைவேலைக்காரர்களைக் கூப்பிடுவதுபோல 'பாஸ்' என்றே கூப்பிட்டு வந்தேன். கொத்து வேலை செய்பவர் என்பதால் மேசன் பாஸ். நீங்கள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பதிலுக்கு மாப்ள, மாப்ள என்றீர்கள்.

அடுத்தது அம்மா. தோட்டத்துத் துரையின் பங்களாவில் நாலு கணப்பு, நாலுக்கும் புகைபோக்கி. வருடா வருடம் நீங்கள்தான் அவற்றைத் துப்புரவாக்கினீர்கள். கவ்வாத்தில் கழித்துப் போட்ட தேயிலைக் குச்சியான மிலாற்றை ஆள் பருமனுக்குக் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்து, கூரையிலிருந்து கயிற்றில் இறக்கி ஏற்றுவீர்கள். கீழே கணப்பின் வாயை ஈரச் சாக்கால் மூடியிருப்பீர்கள். வரவேற்பறைக் கம்பளத்தில் ஒரு பொட்டுக் கரி விழாது. துரைக்கு அவ்வளவு பக்குவம். எங்கள் அம்மாவோ புகை போக வழியில்லாத லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் நாற்பது வருடம் அடுப்பூதி, இருமி இருமி, பாய்மேல் உட்கார்ந்தபடியே செத்துப்போனாள். உங்கள் மாமியார். அவள் தலைக்கு மேலே இருந்த தகரத்தில் ஒரு துளை போட உங்களுக்குத் தோன்றவில்லையே என்று காடாற்றிய அன்றே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபம் தீர்ந்துவிடுமோ என்று பயந்திருப்பேன் போலிருக்கிறது.

பிறகு அந்தப் பங்களா வாடகைக்குப் போய், சுற்றுலாப் பயணிகள் தங்கும் இடமாயிற்று. லயத்தில் பிறந்த நான் அதற்கு மேனேஜர் ஆனேன். சிறுவயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்த வீட்டின் சாவிக்கொத்து என் இடுப்பில். முதல் விருந்தாளிகள் மார்கழியில் வருவதாக இருந்தது: பங்களாவை எடுத்தவரின் அப்பாவும் அம்மாவும், அவரோடு தொழில் செய்யும் சிலரும். மடுல்சீமைக் குளிரில் கணப்பு எரியாத பங்களாவை யார் மதிப்பார்கள்?

வரவேற்பறைப் புகைபோக்கியைப் பார்க்க உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்கள் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. புகைபோக்கியின் உள்பூச்சு பல இடங்களில் பெயர்ந்து, செங்கல் சந்து சந்தாகத் திறந்திருக்கிறது என்றீர்கள். உங்கள் வழக்கப்படி சுண்ணாம்பு, மணல், சாணி மூன்றையும் பிசைந்து வைத்திருந்தீர்கள். எனக்கு அந்தச் சாணியைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "இது என்ன மாட்டுக் கொட்டிலா பாஸ், சாணி பூச?"

"இதக் கட்டுன வெள்ளக்காரனே சாணிதான் பூசியிருக்கான் மாப்ள. வேணும்னா தலைய உள்ள விட்டு மோந்து பாருங்க."

தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேலிருந்து கயிற்றில் தொங்கி ஒரு பாதியும், கீழிருந்து ஏணியில் நின்று ஒரு பாதியும் பூசிக்கொண்டு வந்தீர்கள். நடுவில் நாலைந்து அடி மிச்சம். அதுதான் மாடி அறையின் சுவரையொட்டிப் போகும் பகுதி. பூசி முடித்துக் காய இன்னும் பத்து நாள் வேண்டும், அதுவரை நெருப்பு வைக்கக் கூடாது என்றீர்கள். விருந்தாளிகள் வர இரண்டு நாள்தான் இருந்தது. வேலையை இழுத்தடிக்கிறீர்கள் என்று எல்லோர் முன்பும் சொன்னேன். நீங்கள் கயிற்றைச் சுருட்டினீர்கள்.

மறுநாள் காலையில் கணப்புக்குள் ஒரு மஞ்சள் பிள்ளையார் இருந்தார். கீழே வாழையிலைத் துண்டு, தலையில் அறுகம்புல், பின்சுவரில் சந்தனமும் குங்குமமும். எனக்குப் புரியாமல் இல்லை. மண் சரியக்கூடிய மேட்டில் ஒரு கல்லை நட்டுப் பொட்டு வைத்துவிட்டால் நம் ஆட்கள் யாரும் அதன் கீழே குடிசை போட மாட்டார்கள். ஆபீஸ் வைத்த எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கி அடுப்பெரிப்பார்கள். பொட்டு வைத்த கல்லைச் சுற்றித்தான் போவார்கள். அதே வேலையை நீங்கள் பங்களாவுக்குள் செய்திருந்தீர்கள். இது என்ன கூத்து என்று கேட்டதற்குச் சொன்னீர்கள்: "மேசன் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க மாப்ள. சாமி சொன்னா அப்பு கேப்பாரு."

அப்பு என்பது பங்களாச் சமையற்காரர். நீங்கள் சொன்னபடியே கேட்டார். விருந்தாளிகள் வந்து இறங்கி, தேநீர் குடித்து, கையைத் தேய்த்துக்கொண்டு கணப்பைப் பார்க்கிறார்கள். அப்பு விறகோடு நின்றுகொண்டு அசையவில்லை. "சாமி உக்காந்திருக்கிற எடத்துல நெருப்பு வைக்க எனக்குக் கை வராதுங்க சேர்." நான் குனிந்து பிள்ளையாரை இலையோடு தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, என் கையாலேயே நெருப்பு வைத்தேன். படித்தவன் அல்லவா? மூட நம்பிக்கையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அந்தக் கிழவி, முதலாளியின் அம்மா, சளியும் தடிமனும் பிடித்திருக்கிறது என்று மாடி அறையில் போய்ப் படுத்தார். ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னது நான்.

ஒரு மணி நேரம் இருக்கும். இன்னும் வெளிச்சம் இருந்தது. நீங்கள் கீழே ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். புகை புகைபோக்கியின் வாயில் போவதோடு மாடிக் கூரையின் ஓரத்தாலும் கசிந்திருக்கிறது. சேற்றுக் காலோடு வரவேற்பறைக்குள் ஓடி வந்தீர்கள். யாரையும் பார்க்கவில்லை. ஒரு வாளி ஈர மணலைக் கணப்பில் கொட்டினீர்கள். சாம்பலும் கரியும் எழும்பி முதலாளியின் வெள்ளைச் சட்டையில், கேக் தட்டில், என் கண்ணில். நான் கண்ணைத் திறக்குமுன் நீங்கள் மாடிப்படியில். கேட்காமல் கதவைத் தள்ளி, அந்த அம்மாளை இரண்டு கையாலும் தூக்கி வெளித்தாழ்வாரத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, "ஜன்னலத் தொறங்க" என்று மட்டும் சொன்னீர்கள். அவர் வாந்தி எடுத்தார். தலை வெடிக்கிறது என்றார். பசறையிலிருந்து ஏறும் வளைவு ரோடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அவருடைய சேலையில் உங்கள் பத்து விரலும் கரியாகப் பதிந்திருந்ததைத்தான் நான் பார்த்தேன்.

அன்றைக்கு உங்களிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். அப்புவுக்கும் நினைவிருக்கும். மறுநாள் அந்த ஆங்கிலக் கடிதத்தை எழுதி, சுற்றியிருந்த பங்களாக்கள் அனைத்துக்கும் அனுப்பினேன். விருந்தாளிகளிடம் முறைகேடாக நடந்தவர், நம்பி உள்ளே விடத் தக்கவரல்லர். நல்ல ஆங்கிலம். அதற்குப் பிறகு உங்களை எந்தப் பங்களாவும் கூப்பிடவில்லை. முதலாளி அடுத்த மாதமே என்னையும் நீக்கினார். அதற்கும் நீங்கள்தான் காரணம் என்று வைத்துக்கொண்டேன். ஏழு வருடம் உங்கள் லயத்துப் பக்கம் வரவில்லை. நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்த செய்தி வந்தபோதும் கோயில் வளைவில் நின்று, உங்களைத் தூக்கிப்போவதைப் பார்த்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

சென்ற மாதம் பங்களாவைப் புதிதாக எடுத்தவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பழைய வீட்டின் அமைப்பு தெரிந்தவர் யாராவது வேண்டுமாம். புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்கப் போகிறார்கள். வேலைக்கு வந்தவர் பண்டாரவளை முஸ்லிம் இளைஞர். பனி கொட்டும் நாட்டில் சில வருடம் இதே வேலை பார்த்தவர். அங்கே பழைய வீடுகளின் புகைபோக்கியை வருடத்துக்கு ஒருமுறை உள்ளே பார்க்காமல் குளிர்காலத்தைத் தொடங்க மாட்டார்களாம். நீண்ட கம்பியில் சின்னக் கேமராவைக் கட்டி உள்ளே விட்டு, படத்தை எனக்குக் கைப்பேசியில் காட்டினார்.

மேல் பகுதி முழுவதும் வழுவழுவென்று இருந்தது. கீழ்ப் பகுதியும் அப்படியே. நடுவில் அந்த நாலைந்து அடி. பூச்சே இல்லை. செங்கல் வெடித்து, என் கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதன் மறுபக்கம் மாடி அறையின் சுவர் அலமாரி.

"இதுல யாராச்சும் நெருப்பு வெச்சாங்களா சேர்?"

நான் இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை என்றேன்.

"மேல யாரும் படுத்திருக்கலியே?"

கைப்பேசியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் எனக்குப் பாடம் எடுத்தார். நெருப்பு மூச்சுத் திணறினால் ஒரு வாயு வரும், நிறமில்லை, மணமில்லை, தலைவலி, வாந்தி, பிறகு தூக்கம், தூக்கத்திலேயே முடிந்துவிடும் என்றார். கார்பன் மொனொக்சைட்டைப் பற்றி, பங்களா வேலைக்கு முன்னும் பின்னுமாக, இருபது வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். நிறமில்லை, மணமில்லை என்று அடிக்கோடிட்டுத்தான் எழுதுவேன். அந்தக் கிழவி வாந்தி எடுத்தபோது நான் சேலைக் கரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அந்த வாயுவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

குழாய் இறங்க இடமில்லாமல் பழைய பூச்சைக் கீழே கொஞ்சம் உடைத்தார்கள். லேசில் வரவில்லை. "இத யாரு சேர் பூசின? உளியே மடங்குது" என்றார் அந்த இளைஞர். விழுந்த துண்டுகளில் ஒன்றைத்தான் எடுத்து வந்தேன்.

மூன்று வாரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு அவள் கதவைச் சாத்தினாலும் சரி.

பஸ்ஸை விட்டு இறங்கி வளைவு திரும்பியதும் நின்றுவிட்டேன். லயத்தின் ஒவ்வொரு காம்பராவுக்கு மேலேயும் ஒரு சின்னப் புகைபோக்கி. செங்கல்லும் களிமண்ணும் சுண்ணாம்பும். மாலை அடுப்பு நேரம். புகை தகரத்தின் இடுக்குகளில் வழியாமல் தனித்தனியாக நேரே எழும்பிக்கொண்டிருந்தது. நீங்கள் செத்த அன்று பிணம் எடுக்கும்வரை லயத்தில் எவரும் அடுப்பு மூட்டவில்லை. நானும் கோயிலைத் தாண்டி வரவில்லை. அதனால் பார்க்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்து அழவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. பலகையை நகர்த்திப் போட்டாள். காம்பராவுக்குள் கண் எரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: கடிதம், பிளவு, கிழவி. சொல்லி முடித்த பிறகும் எனக்குள்ளிருந்த பழைய கோபம் வாயைத் திறந்தது. "லயத்துக்கே கட்டத் தெரிஞ்ச மனுஷன், அம்மா இருமிக்கிட்டுக் கெடந்தப்ப ஏன் கட்டல?"

அக்கா அடுப்பில் ஒரு மிலாற்றைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "அப்பவே ஆபீஸ்ல போயிக் கேட்டாரு. தகரத்துல கை வெச்சா பங்களா வேல போயிரும்னுட்டாங்க. பயந்துட்டாரு தம்பி. அம்மா செத்தப்புறம் அதச் சொல்லிச் சொல்லியே குடிச்சாரு. நீ கடுதாசி எழுதுன பெறகு வேல போயிருச்சுல்ல. அப்புறம் பயப்பட என்ன இருக்கு? மறு வாரமே நம்ம தகரத்த வெட்டினாரு."

நான் பையிலிருந்து கட்டியை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கி, கரியை முந்தானையால் துடைத்து, விரல் தடங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். குட்டை விரலின் இடம் வந்ததும் நிறுத்தினாள். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இத நீ வெச்சுக்க. எனக்கு அடுப்புக்கு மேல முழுசா இருக்கு."

அண்ணாந்து பார்த்தேன். இருந்தது. புகைபோக்கியின் தொண்டை வரைக்கும், அடுக்கடுக்காக, நாலு நாலு தடங்கள்.

கல்யாணத்துக்குச் சொல்லாத கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, மச்சான். அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. மற்றவை இந்தக் கட்டியில் இருக்கின்றன. மழை நாட்களில் மணக்கும். பிள்ளைகள் கேட்டால் இனி ஒன்றும் கருகவில்லை என்று சொல்ல மாட்டேன்.