கஹேலே வழிக்கு மஞ்சள் சட்டை

ஹீலோ,
மே 14

அன்பு மகள் நோஹேயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் முழங்கால் நீங்கலாக நலம், மழைதான் விட்டபாடில்லை. லாஸ் வேகாஸ் வெயிலில் நீயும் மாப்பிள்ளை ரோமெலும் குழந்தை மரிசெலும் வாடாமல் இருக்கிறீர்களா. சூரைக் கருவாடு அனுப்பினேனே, வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?

போன மாதம் கோபத்தில் போனை வைத்துவிட்டாய். கோபம் நியாயம்தான். ஜூலையில் குடும்பக் கூட்டத்தில் நான் வம்ச வரிசையைப் பாடும்போது மரிசெலின் பெயரையும் சேர்க்கச் சொன்னாய். ரோமெலின் செத்துப்போன தங்கை பெற்ற பிள்ளை, உன் வீட்டில் அது ராணியாக வளரட்டும், ஆனால் காவூ நாட்டுத் தலைவர் கலானிமோவானாவில் தொடங்கும் வரிசையில் ரத்தம் இல்லாத பெயருக்கு இடமில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

அதே தலைக்கனத்தோடுதான் ஆதாரம் தேடவும் கிளம்பினேன், கூட்டத்தில் சுவரில் மாட்டும் பெரிய வம்சப் படத்தில் ஒவ்வொரு பெயருக்கும் சான்று வேண்டும் என்று என் சித்தி மகன் லோபாகா அடம்பிடித்தான். என் அம்மாவின் தாத்தா கஹேலே வரைக்கும் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு மேலே அவரைப் பெற்றவளாகத் தலைவரின் பேத்தி இருக்க வேண்டும் அல்லவா, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால் வேறு அப்பா, வேறு அம்மா. மிலோலிஈயில் வலை வீசிப் பிழைத்தவர்கள். பிறந்த அன்றே தலைவர் வீட்டில் வளர்க்கக் கொடுக்கப்பட்டது என்று ஓரத்தில் பாதிரியார் எழுதியிருக்கிறார். பிள்ளையைக் கேட்டு வாங்கி வளர்ப்பது நம்மில் இன்று நேற்று வந்த பழக்கமா, உன் அப்பாவையே அவருடைய பெரியம்மாதான் வளர்த்தாள். ஆனாலும் என் வரிசையில் அது இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. லோபாகா சும்மா இருப்பானா, என்னக்கா, தலைவர் ரத்தம் ஓடுதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே, ஓடுனது மீன் ரத்தம்தானா என்றான். உன்னிடம் மறைப்பானேன், காரில் உட்கார்ந்து அழுதேன்.

அழுதுவிட்டு விட்டுவிடுகிறவளா நான். பழைய பத்திரிகைகளை ஒரு வாரம் புரட்டினேன். கஹேலே நாற்பது வயதில் இறந்தபோது வளர்த்த தாய் போட்ட இரங்கல் பாட்டு கிடைத்தது. கலானிமோவானா முதல் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, கடைசியில் கஹேலே, என் மகன் என்று முடித்திருக்கிறாள். வளர்த்த பிள்ளை என்ற பேச்சே அதில் இல்லை. நான் இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடியது அவள் கொடுத்த வரிசை, நோஹேயா. அவளும் என்னைப் போல் வெடுக்கென்று பேசியிருந்தால் நமக்குப் பாட என்ன இருந்திருக்கும்? நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடு, ரோமெலிடமும் நான் கேட்டதாகச் சொல்.

இந்த வருஷம் மீனவரையும் பாடுவேன், தலைவரையும் பாடுவேன், யார் முகம் சுளித்தாலும் சரி. மரிசெல் வளர்ப்புப் பிள்ளைதானே, அவளுக்குப் படத்துல புள்ளிக்கோடு போட்டுடலாமாக்கா என்று லோபாகா கேட்டான். போடு, ஆனா கஹேலேகிட்ட இருந்து ஆரம்பி, அதுக்குக் கீழே நீயும் நானும் எல்லாரும் புள்ளிதான் என்றேன். மரிசெலுக்கும் முழுக்கோடாகவே போட்டுவிட்டான்.

வெயிலில் தொப்பி இல்லாமல் குழந்தையை விடாதே. ரோமெலிடம் இரண்டு வேலை பார்த்தது போதும், ஒன்றை விடச் சொல். தேவனும் முன்னோர்களும் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா உலுலானி

மறந்துவிடாதே: கூட்டத்தில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறம் அல்லவா, கஹேலே வழிக்கு இந்த வருஷமும் மஞ்சள் சட்டைதான். அச்சடிப்பவர் வெள்ளிக்கிழமைக்குள் அளவு கேட்கிறார். உன்னுடையதும் ரோமெலுடையதும் எனக்குத் தெரியும், மரிசெலின் அளவைச் சொல். வளருகிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே சொல்.