பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோது காய்த்தவை

ஹால்வர் ஃபால்ஸ், மினசோட்டா
செப்டம்பர் 24

அன்பு மகள் மாரெனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் வீடும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக் கட்சி. அரிசோனா வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் நீ "வேற என்னப்பா" என்று கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துபோகிறது, அதனால்தான் காகிதம்.

பள்ளிக்கூடத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. பிள்ளைகள் காய்கறி தின்னப் பழகட்டும் என்று தலைமையாசிரியை திருமதி லிண்ட்குவிஸ்ட் ஆள் தேடியபோது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். உன் அம்மா போன பிறகு காலையில் எழுந்து பூட்ஸ் மாட்ட ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார், ஒரு வருஷம் பார்ப்போம், பிள்ளைகள் தின்னவில்லை என்றால் மண்ணை மூடிப் புல் விதைத்துவிடுவோம் என்று. நானும் ஊர் வழக்கப்படி மே கடைசியில் உறைபனி நின்றதும் தக்காளி, பீன்ஸ், கேரட், சுக்கினி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நட்டேன். பிள்ளைகள் ஆசையாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். ஜூன் பிறந்ததும் செப்டம்பர் வரைக்கும் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தனை வருஷம் அங்கே பஸ் ஓட்டியவனுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லை பார், என் மூளையின் லட்சணம்.

காய்த்ததெல்லாம் ஜூலையில்தான். ஆடாத ஊஞ்சல்கள், தண்ணீர்க் குழாய், நான். பீன்ஸ் செடியோடு பேச ஆரம்பித்துவிட்டேன், அது உன்னை மாதிரியே பதில் போடாது. வெள்ளரிக்காய் அளவில் இருக்கும் சுக்கினி, ஒரு நாள் பார்க்காவிட்டால் தொடை அளவுக்கு ஊதிவிடும். அக்கம்பக்கத்து வாசல்களில் வைத்தேன், சர்ச்சில் பிரார்த்தனை நடக்கும்போது கார்களின் பின்சீட்டில் போட்டேன். பள்ளிச் சமையற்காரி டார்லீன், "யோவ் வெர்லின், திருடனுக்குப் பயந்து இந்த ஊர்ல யாரும் காரைப் பூட்டினதில்ல, இப்ப உனக்குப் பயந்துல்ல பூட்டுறோம்" என்றாள். எல்லோரோடும் நானும் சிரித்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து சுக்கினி ரொட்டி சுட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு ரொட்டி எத்தனை நாளைக்கு வருகிறது தெரியுமா.

பள்ளிக்கூடம் திறந்தபோது மிச்சம் கேரட் மட்டும்தான். தக்காளிக்கு நம் வீட்டுப் படுக்கை விரிப்புகளைப் போர்த்தியும், முந்திக்கொண்டு வந்த உறைபனி விடவில்லை. கேரட்டை முளையிலேயே இடைவெளி விட்டுக் கலைத்திருக்க வேண்டும், எனக்குப் பிடுங்கி எறிய மனம் வரவில்லை, நெருக்கத்தில் எல்லாம் கோணிப் பிளந்து கிடந்தன. போன வாரம் இரண்டாம் வகுப்பு வந்தது, திருமதி லிண்ட்குவிஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நாளைக்கே புல் விதை வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் வந்த கேரட் கால்மேல் கால் போட்ட ஆள் மாதிரி இருந்தது. ஒரு பையன் "டேய், இது பேன்ட் போட்டிருக்குடா" என்றான். அவ்வளவுதான், எனக்கும் கால் வெச்சது வேணும் என்று ஒரே அடிதடி. ஹோதன் என்று ஒரு சோமாலியச் சிறுமி, குழாயில் கழுவி நறுக்கென்று கடித்தாள். டீச்சர் ஆச்சரியப்பட்டதற்கு, "வீட்ல கேரட்டே தொடமாட்டேன் டீச்சர், ஆனா இது என்னோடது" என்றாள். மண்ணில் ஒன்றுகூட மிச்சமில்லை. திருமதி லிண்ட்குவிஸ்ட் என்னிடம், "அடுத்த வருஷமாவது பள்ளிக்கூடம் திறந்திருக்கும்போது காய்க்கிறதா பார்த்து நடுங்க" என்றார். தோட்டம் தப்பித்தது, இனி பனிக்காலம் போய் மே மாதம்தான் மண்ணைத் தொட முடியும்.

கை கழுவும்போது ஹோதன், நீங்க யாரோட தாத்தா என்று கேட்டாள். அங்கே வரும் கிழவர்கள் எல்லாம் யாருக்காவது தாத்தாதானே. "தாத்தா இல்லம்மா, நான் மாரெனோட அப்பா" என்றேன். மாரென் எந்த வகுப்பு, இன்னைக்கு வரலையா என்றாள். இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவைத்தேன்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் கர்த்தர் காக்கட்டும். கார் டயரில் காற்றுப் பார்த்துக்கொள். நவம்பரில் இங்கே வர விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டு மட்டும் பார்.

உன் அப்பா,
வெர்லின் டாஃப்டே