நான் குளித்த தண்ணீர்

மியோவின் அப்பாவுக்கு, சிஸுரு வணக்கத்துடன் எழுதுவது.

அகிதாவில் இன்னும் பனி வாரிக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே ஃபுகுவோகாவில் பிளம் பூத்து உதிர்ந்தே போயிருக்கும். மியோ நன்றாகப் படிக்கிறாள். கம்பெனிக் குடியிருப்பில் தினமும் கப் நூடுல்ஸ்தானே சாப்பிடுகிறீர்கள்? இல்லை என்று எழுதினாலும் நம்ப மாட்டேன்.

என் உள்ளங்கையிலும் பாதத்திலும் சீழ்க்கொப்புளங்கள் மறுபடி கிளம்பியிருக்கின்றன. கழுத்தெலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடம் வீங்கி, இடது கை தோளுக்கு மேல் ஏற மறுக்கிறது. எலும்பு, மூட்டு, தோல் மூன்றையும் பிடித்திருப்பது ஒரே நோய்தானாம், அபூர்வமாம். கொப்புளத்தில் கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் உங்கள் எதிரில்தான் சொன்னார். நினைவிருக்கிறதா?

பிசியோதெரபிக்குப் போகிறேன். பயிற்சி தருபவள் முரோய் என்ற பெண். முதல் நாளே கையுறை மாட்டினாள். அருவருப்புதான், வேறென்ன என்று பொருமினேன். போன வாரம் பொறுக்க முடியாமல், கையுறை உங்களுக்காகவா எனக்காகவா என்று கேட்டே விட்டேன். "ஐயோ, உங்களுக்காகத்தாங்க! நான் கையில தடவுற ஸ்பிரிட் உங்க வெடிப்புல பட்டா எரியுமே" என்றாள். கையைத் தண்ணீரில் அலசிவிட்டு வந்து, வெறுங்கையால் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு தன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறாளா என்று கதவிடுக்கில் பார்த்தேன். என் புத்தி அப்படி. தேய்த்தாள், ஆனால் எனக்கு முன்னால் வந்த கிழவரைத் தொட்ட பிறகும் அப்படித்தான் தேய்த்திருந்தாள்.

வீட்டில் தொட்டி வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்து கையைத் தூக்கிப் பழகச் சொன்னாள். வீட்டில் ஒரே தொட்டித் தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக இறங்குவதில், புத்தாண்டிலிருந்து நான்தான் கடைசி என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மிச்சம் இருக்கிற அரைத் தொட்டியில தோள் முங்குமா? முதல்ல நீங்க இறங்குங்க!" என்றாள். இப்போது நான் முதல். அதே தண்ணீரில் அடுத்து மியோ. "அம்மா, எனக்கும் கொஞ்சம் வெச்சிட்டு வா" என்று கத்துகிறாள், அவ்வளவுதான்.

நீங்கள்? புத்தாண்டுக்கு வந்தபோது வலி தாங்காமல் நான் முதலில் குளித்தேன். தொட்டிக்கு வெளியே உடம்பை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் இறங்கினேன். நீங்களோ தொட்டியை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினீர்கள். கேட்டால், "தண்ணி ஆறிப்போச்சு" என்றீர்கள். சூடாக்கும் பொத்தான் சுவரில்தானே இருக்கிறது! பிப்ரவரியில் வரவில்லை. மார்ச்சிலும் வேலை என்கிறீர்கள். வேலையா, நானா? வேறு பெண் என்றால்கூட எனக்குச் சண்டை போடத் தெரியும். இதற்கு யாரோடு போடுவேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே விடுமுறைக்கு வாருங்கள். சமாதானம் எதுவும் எழுத வேண்டாம். நான் குளித்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அந்தத் தண்ணீரிலேயே இறங்குங்கள், எனக்கு அது போதும்.

உங்கள்
சிஸுரு