மண்ணு வெடிக்காது என்று சொன்னவன்

இன்று தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறாராம். முதலாளி அறையில் இருக்கும் தலைக்கவசத்தை எடுத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். காற்றுக்குழாய் பொருத்தியது, முகம் முழுக்க மூடுவது. பாலித்தீன் உறையை உருவியதும் புது ரப்பர் வாடை அடித்தது. இத்தனை வருடம் கழித்தும் புது வாடை! ஒருநாளாவது நீ அதைப் போட்டு வியர்த்திருந்தால் அந்த வாடை எப்போதோ போயிருக்கும்.

உன்னை இங்கே சேர்த்துவிட்டவன் நான்தான். அப்போது நீ சிவகாசியில் பட்டாசு கம்பெனிக்கு வேனில் போய்வந்துகொண்டிருந்தாய். வேன் திரும்பும்வரை உன் மனைவிக்குச் சோறு இறங்காது. "ஏலே, எங்க ஷெட்டுக்கு வா. இரும்புல மணலை அடிச்சுத் துரு எடுக்கிற வேலை. மண்ணு எங்கனயாவது வெடிக்குமா?" என்றேன். நம் பக்கத்தில் தீப்பிடிக்காத வேலை எல்லாமே நல்ல வேலைதானே. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து வேலையில் சேர்ந்தாய். "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்று அவள் என்னைக் கும்பிட்டாள்.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. குழாய்க் காற்றின் வேகத்தில் மணல் இரும்பில் மோதி, பொடிந்து, மாவாக மிதக்கும். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போவாய். ஒருநாள் கேட்டாய்: "அந்தத் தொப்பியக் குடுத்தா என்னலே?"

"ஒண்ணுதான் இருக்கு. கீறல் விழுந்தா முதலாளி என்னைய உரிச்சுருவாரு."

நீ சிரித்தாய். "சரி, அதையாவது பத்திரமாப் பாத்துக்கோ."

கவசம் வழங்கப்பட்டது என்று மாதாமாதம் பதிவேட்டில் எழுதியது மேஸ்திரியான நான். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்ததாக எழுதியதும் நானேதான். நீட்டியவன் நான் என்பதால் நீ படிக்காமலே கையெழுத்துப் போட்டாய்.

இருமல் வந்தது. டிபி மாத்திரை தின்றாய், கேட்கவில்லை. மணல் தூசி நுரையீரலில் இறுகிவிட்டது, இனிச் சரியாகாது என்று மதுரையில்தான் சொன்னார்கள். கடைசியில் படுக்கவும் முடியாமல், மடியில் தலையணையை வைத்துக் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்கு அல்லாடினாய். பட்டாசில் போயிருந்தால் ஒரு நொடியோடு முடிந்திருக்கும். நான் உனக்கு இரண்டு வருடம் வாங்கிக் கொடுத்தேன்.

நீ போனபின் ஓர் அதிகாரி வீட்டுக்கே விசாரிக்க வந்தார். கவசம் கொடுத்தார்களா என்று கேட்டார். உன் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே. கூடவே இருந்தீகளே."

வெளியே முதலாளியின் கார் நின்றது.

"குடுத்தோம் சார். அவன்தான் போட மாட்டான்" என்றேன். சண்டாளன் நான், சொன்னேன்.

அவள் அதை நம்பிவிட்டாள். தினமும் உன் வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். உன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டே அவள் திட்டுவது தெருவரை கேட்கிறது. "குடுத்ததப் போட்டா என்ன கேடு? எங்கள ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தீகளா?" எனக்கு விழவேண்டிய வசவை நீ வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

நேற்று என்னைக் கண்டதும் அவள் திட்டுவதை நிறுத்தினாள். "வாங்கண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். உன் படத்துக்குக் கீழேதான் நாற்காலி போட்டாள்.

உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் வந்தேன்.