தடத்தில் நிறம் தெரியாது

வெல்வெர்டியண்ட்,
பிப்ரவரி 12, 2006

அன்புள்ள ருலானி அப்பாவுக்கு,

நானும் ருலானியும் சுகம். மருலாப் பழ மது புளித்துத் தயாராக இருக்கிறது, குடிக்கத்தான் ஆளில்லை. வேலைக்காரர்களின் போனை வாசலிலேயே பிடுங்கி வைக்கிற பண்ணையில் புருஷன் இருந்தால் கடிதம்தான் எழுத வேண்டும், வேறென்ன செய்ய?

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். “எங்க பண்ணையில முப்பது வெள்ளைச் சிங்கம் நிக்குது, நீ காட்டுல ஒண்ணைத் தேடி அலையுற” என்று கிண்டலா? கம்பிவேலிக்குள் ஜோடி சேர்த்து வைத்தால் முந்நூறுகூடப் பிறக்கும். இங்கே திம்பாவதிக் காட்டில் வெள்ளைக் குட்டி பிறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கால நும்பி ராணி ஆட்சியில் நட்சத்திரம் விழுந்து, அதன் பிறகு வெள்ளைச் சிங்கம் பிறந்ததாகச் சொல்கிற மண் இது. மறுபடி பிறக்கும். பிறந்தால், சுற்றுலா வண்டிக்குத் தடம் பார்க்கிற என் கண்ணுக்குத் தப்பாது.

உங்கள்
பசானி


ஃப்ரீ ஸ்டேட்,
மார்ச் 3

என் பசானிக்கு,

உன் வாய்க்கு எங்கள் சிங்கங்களே பயப்படும். ஆனால் இன்று பதிலுக்குக் கிண்டல் செய்ய மனமில்லை.

ம்புலாவைப் பற்றி எழுதியிருக்கிறேனே, மழை நாளில் பிறந்த வெள்ளைப் பெண் சிங்கம். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் நான். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தால் எங்கிருந்தாலும் ஓடிவந்து என் முழங்காலில் முட்டுவாள். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து வேட்டைக்காரர் ஒருவர் வருகிறார். முதலாளி என்னிடம், “ஹ்லெங்கானி, அவரு வண்டியில உக்காந்திருப்பாரு. நீ விசிலடி, அது வரட்டும். மத்ததை அவரு பாத்துக்குவாரு” என்றார்.

முடியாது என்றால் வேலை போய்விடும். என்ன செய்யட்டும்?

ஹ்லெங்கானி


வெல்வெர்டியண்ட்,
மார்ச் 15

ருலானி அப்பாவுக்கு,

இதில் கேட்க என்ன இருக்கிறது? அவள் உங்களை நம்பி ஓடிவருவாள். துப்பாக்கி யார் கையில் இருந்தால் என்ன, கொன்றவர் நீங்கள்தான். விசிலடித்தால் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஒரு தாய்ச் சிங்கமும் மூன்று குட்டிகளும் போன தடத்தை மூன்று வாரமாகத் தொடர்ந்தேன். தடத்தில் நிறம் தெரியாதே! நேற்று ஒரு முள்ளில் வெள்ளை முடி சிக்கியிருந்தது. இன்று காலை ஆற்றுமணலில் குட்டியையே பார்த்துவிட்டேன். தாய் நம் ஊர் மண் நிறம், குட்டி பால் வெள்ளை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஒருவேளை வெள்ளைக் குட்டி இருந்தால் யார் கண்ணிலும் படக் கூடாதென்று, தடத்தைக் கண்ட நாள் முதலே தினமும் விடியலில் முதல் ஆளாகப் போய்ப் பாதையில் உள்ள தடத்தையெல்லாம் மரக்கிளையால் கூட்டிவிடுகிறேன். வண்டியோட்டும் பையன், “என்னக்கா, மூணு வாரமா சிங்கமே கண்ணுல படலையே?” என்கிறான். “கண்ணு மங்கிப்போச்சுப்பா, கண்ணாடி வாங்கணும்” என்றேன்.

பசானி


ஃப்ரீ ஸ்டேட்,
ஏப்ரல் 20

பசானிக்கு,

வேட்டைக்காரர் வந்தார். வண்டியில் நானும் இருந்தேன். முதலாளி, “ம், அடி” என்றார். “விசில் வரலை பாஸ்” என்றேன். அவரே விரலை வைத்து ஊதினார். அவள் புதரைவிட்டு அசையவில்லை. மூன்று நாள் ஊதிப் பார்த்தார்கள். வந்தவர் எல்லோரையும் திட்டிவிட்டு ஊருக்குப் போனார். என்னையும் அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது அவளைப் பார்க்கவில்லை. வேலியோரம் நின்று ஒரு தரம் விசிலடித்தால் ஓடிவந்திருப்பாள். நான்கு வருஷம் வளர்த்தேனே, கை தானாக வாய்க்குப் போனது. ஆனால் என் விசில் கேட்டால் வெளியே வரலாம் என்று அவள் மறுபடியும் நம்பிவிடக் கூடாது. கையை இறக்கிக்கொண்டு நடந்து வந்துவிட்டேன்.

போனைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இதையெல்லாம் போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. டவுனில் மச்சான் வீட்டில் இருக்கிறேன். நான் வரலாமா?

ஹ்லெங்கானி


வெல்வெர்டியண்ட்,
ஏப்ரல் 28

என் ருலானி அப்பாவுக்கு,

இதைக் கேட்கக் கடிதமா? உடனே புறப்பட்டு வாருங்கள். மது தீர்ந்துவிட்டது, களி இருக்கிறது. குட்டியைத் தூரத்திலிருந்து காட்டுகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் விசிலடியுங்கள். காட்டுக்குள் மட்டும் வேண்டாம். இந்தக் குட்டியாவது யார் கூப்பிட்டாலும் வராமல் வளரட்டும்.

உங்கள்
பசானி