வாசனை இல்லை என்று எழுதியவன்

ஐப்பசி 9, ஞாயிறு. ஸ்ரீரங்கம்.

விமானப் பணிப்பெண்ணான என் மகள் வசந்தி மதியம் திருச்சியில் இறங்கி நேரே வீட்டுக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. விமானம் தரையிறங்கும்போது உள்ளே ஈரச் சாக்ஸ் நாற்றம் வந்ததாம். எஞ்சின் எண்ணெய் கசிந்து உள்காற்றில் கலந்தால் அப்படித்தான் நாறும். அவளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் தலை சுற்றியதாம். பிறகு தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்த இன்ஜினியர், "வாசனை இல்லை, குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார். நாளைக் காலை அதே விமானத்தில் அவளுக்கு டியூட்டி.

"மூக்கு அவருக்கு மட்டும்தான் இருக்காப்பா? நீங்களும் விமான இன்ஜினியரா இருந்தவர்தானே. நீங்களா இருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

"நல்லா சோதிச்சிருப்பேன்மா" என்றேன்.

பொய். பணியில் இருந்தவரை அதே வாக்கியத்தைத்தான் நானும் எழுதினேன். பறக்கும்போது வரும் நாற்றம் நிற்கும் விமானத்தில் பெரும்பாலும் வராது என்று தெரிந்தே எழுதினேன். காரணம் தெரியவில்லை என்று எழுதினால் விமானம் நிற்கும், மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். அந்தப் பயம். புகார் சொன்ன பெண்களின் முகம்கூட நினைவில் இல்லை.

இதைச் சொல்லியிருந்தால் அவள் நாளை ஏற மறுத்திருப்பாள். என்னைப் பார்க்கும் பார்வையும் மாறியிருக்கும்.

"நாலு மணிக்கு எழுப்பிவிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அதற்கும் சரி என்றேன்.