குமாரி அக்காவின் ஒப்புதல்

பெக்கோக்,
3 ஜனவரி 2025

அன்புள்ள குமாரி அக்கா,

நலமா? வருஷம் தவறாமல் நான் அனுப்பும் கடிதம்தான். சம்பளமில்லாமல் நம் குழு பராமரிக்கும் பதினொரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பேக்கேஜுகளுக்குப் பொறுப்பாக யார் யார் இன்னும் இருக்கிறீர்கள்? முப்பது நாளில் பதில் வராவிட்டால் குழுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன். நீங்கள் எழுதிய விதிதான், என்னைத் திட்டாதீர்கள். கமலநாதன் அண்ணன், "சிங்கப்பூர் வேலையே தலைக்கு மேல லா, என்னை விட்டுடும்மா" என்று விலகிவிட்டார். மிச்சம் நீங்களும் நானும்தான்.

அன்புடன்,
லோஷினி

தம்போய்,
5 ஜனவரி 2025

லோஷினி,

இருக்கிறேன்.

கிருஷ்ணகுமாரி

பெக்கோக்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

போன வருஷமும் ஒரே சொல், இந்த வருஷமும் அதே சொல். கோபமா? முன்பெல்லாம் என் ஒரு வரித் திருத்தத்துக்கு இரண்டு பக்கம் திட்டி எழுதுவீர்கள். அது இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை.

ஒரு பேக்கேஜில் பாதுகாப்பு ஓட்டை. அடைத்துவிட்டேன். குழுவில் இன்னொருவர் அந்தத் திருத்தத்தைப் படித்து ஒப்புக்கொள்ளாமல் வெளியிட முடியாது. மூன்று தடவை கேட்டுவிட்டேன். கொஞ்சம் பாருங்கள் அக்கா.

லோஷினி

தம்போய்,
11 பிப்ரவரி 2025

தங்கச்சி லோஷினிக்கு,

நான் யோகேந்திரன், குமாரியின் கணவன். குமாரி 2023 நவம்பரில் இறந்துவிட்டாள். மூளையில் இரத்தக் கசிவு. இரண்டு ஜனவரியும் உனக்குப் பதில் போட்டது நான். அவள் மடிக்கணினியில் உன் கடிதம் வந்தது, பெயரை எடுத்துவிடுவேன் என்றிருந்தது, 'இருக்கிறேன்' என்று தட்டிவிட்டேன். அழவில்லை. அவள் போனபோதும் ஒன்றும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

உன் திருத்தத்தையும் திறந்து பார்த்தேன். ஒப்புக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தப் போனேன். ஆனால் எனக்கு அதில் ஓர் எழுத்தும் புரியவில்லை. அவள் படிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். அவள் பெயரை எடுத்துவிடு.

யோகேந்திரன்

பெக்கோக்,
20 பிப்ரவரி 2025

யோகேந்திரன் அண்ணனுக்கு,

படித்தது எனக்கு உறைக்கவே இரண்டு நாளாயிற்று. எட்டு வருஷம் எழுத்திலேயே பழகினோம். அக்காவின் குரல்கூட எனக்குத் தெரியாது. உங்கள் மேல் கோபமில்லை.

ஓர் ஆள் மட்டும் இருந்தால் அது குழு இல்லை. பதினொன்றையும் பராமரிக்க ஆளில்லை என்று அறிவித்தேன். பினாங்கில் ஒரு குழு ஏற்றுக்கொண்டது. என் திருத்தத்தை அவர்களே படித்து நேற்று வெளியிட்டார்கள்.

அக்காவின் பெயரையும் எடுத்துவிட்டேன். எடுக்கும்போது கணினி காரணம் கேட்டது. 'விலகினார்', 'பதில் இல்லை' என்று இரண்டுதான் இருந்தன. அக்கா விலகவில்லை, அண்ணா. மற்றதைப் போட்டேன்.

லோஷினி